சர்க்கரை வியாதியின் நாட்டுக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடக்கிறது. பேரும் வயசும் எழுதிக்கொண்டு டோக்கன் கொடுக்கும் மேசையில் நான் உட்காருகிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வரிசையில் நிற்பவர்கள் பேப்பரில் படித்த எண்களைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். மாதா மாதம் அதே சந்தேகங்கள் வருவதால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்தவரை பதிலும் சேர்த்திருக்கிறேன். யாருக்கு எந்த மாத்திரை என்பதற்கு இங்கே பதில் இல்லை. அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.

டீச்சர், இந்தியாவுல மொத்தம் எத்தனை பேருக்குச் சுகர் இருக்கு?

2021 நிலவரப்படி சுமார் 10.1 கோடிப் பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று முன்னின்று நடத்திய 'இந்தியாப்' ஆய்வு சொல்லும் எண் இது. 2008 முதல் 2020 வரை 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரைச் சோதித்தார்கள். முழு முடிவு 2023-இல் வெளியானது.

விகிதமாகச் சொன்னால் 11.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர். நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.9. இதைக் கேட்டதும் 'கிராமம் தப்பித்தது' என்று நினைக்க வேண்டாம். கிராமத்தில் ஜனம் அதிகம். ஆட்களாக எண்ணினால் சர்க்கரை உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கிராமத்தில்தான் இருக்கிறார்கள். டாக்டர்களிலும் பாதிப் பேர் அங்கே இருக்கிறார்களா என்றால், இல்லை.

எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் ஏது? நிஜமாவே கூடியிருக்கா, இல்ல இப்பதான் எல்லாரும் டெஸ்ட் எடுக்கிறோமா?

நல்ல கேள்வி. இரண்டும் உண்மை. ஆனால் பெரிய பங்கு நிஜமான ஏற்றம்தான்.

1970-களின் முற்பகுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஊர்களில் முதன்முதலாகப் பெரிய அளவில் கணக்கெடுத்தது. நகரத்தில் 2.1 சதவீதம், கிராமத்தில் 1.5 சதவீதம்தான் வந்தது. 2000-இல் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, டெல்லி என்ற ஆறு நகரங்களில் எடுத்தபோது 12.1 சதவீதம். முப்பது வருஷத்துக்குள் ஆறு மடங்குக்கு அருகில். இதை அப்படியே நம்பவும் கூடாது, ஏனென்றால் அளவுகோல் இடையில் மாறியது. வெறும் வயிற்றில் 140 வந்தால்தான் சர்க்கரை என்று முன்பு வைத்திருந்தார்கள். 1990-களின் கடைசியில் அதை 126 ஆகக் குறைத்தார்கள். அதனாலேயே கொஞ்சம் பேர் கணக்குக்குள் வந்தார்கள். சோதிக்கும் முறையும் முன்பு வேறு.

அதனால் ஒரே ஊரைத் தொடர்ந்து பார்த்த கணக்குதான் எனக்கு அதிகம் நம்பத் தோன்றுகிறது. சென்னையில் 1989-இல் 8.3, 1995-இல் 11.6, 2000-இல் 13.5, 2004-இல் 14.3. பதினைந்தே வருஷத்தில் 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். டெஸ்ட் எடுப்பவர்கள் கூடியதால் வந்த ஏற்றம் இல்லை இது. வீடு வீடாகப் போய், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பவர்களையும் சேர்த்துச் சோதித்த ஆய்வுகள் இவை.

ஒரு பேப்பர்ல பத்து கோடிங்கிறான், இன்னொண்ணுல இருபத்தோரு கோடிங்கிறான். எதை நம்புறது?

யாரும் பொய் சொல்லவில்லை. வலையின் கண் வேறு வேறு, அவ்வளவுதான்.

10.1 கோடி என்பது மேலே சொன்ன இந்தியாப் கணக்கு. வெறும் வயிற்றில் ஒரு முறை, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்து முடிவு செய்தார்கள். 2024 நவம்பரில் லான்செட் என்ற மருத்துவ இதழில் உலக அளவிலான ஒரு கணக்கு வந்தது. உலகத்தில் 82.8 கோடி, இந்தியாவில் மட்டும் 21.2 கோடி என்றது. அதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 தாண்டினாலும் சரி, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 தொட்டாலும் சரி, இரண்டில் ஒன்று இருந்தாலே சேர்த்துவிடுவார்கள். நம் ஊரில் ஹெச்பிஏ1சி வழியாக மாட்டுபவர்கள் அதிகம். அதனால் எண் இரட்டிப்பானது.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருப்பவர்களுக்கு ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் நாட்டில், அதுவும் பெண்களிடம், ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே 21 கோடி என்பது மேல் எல்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024-க்குச் சொன்னது சுமார் 9 கோடி. எதை எடுத்தாலும் உலகத்தில் இந்தியாவும் சீனாவும்தான் முதல் இரண்டு இடத்தில் நிற்கின்றன.

எல்லா மாநிலத்துலயும் இப்படித்தானா?

இல்லை, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்தியாப் ஆய்வில் கோவா 26.4, புதுச்சேரி 26.3, கேரளா 25.5. நாலு பேரில் ஒருவர்! அடிமட்டத்தில் உத்தரப் பிரதேசம், 4.8.

அப்போ உத்தரப் பிரதேசம் நம்மளைவிட நல்லா இருக்குன்னு சொல்லலாமே?

இப்போதைக்குச் சொல்லலாம், இன்னும் பத்து வருஷம் கழித்துச் சொல்ல முடியுமா என்பதுதான் சந்தேகம். அங்கே சர்க்கரை வந்தவர்கள் 4.8 சதவீதம்தான். ஆனால் 'பார்டர்லைன்' என்று நாம் சொல்லும் முன்நிலையில் 18 சதவீதம் பேர் நிற்கிறார்கள். வந்தவர் ஒருவர் என்றால், வாசலில் நிற்பவர்கள் நாலு பேர் அளவுக்கு. கேரளா, கோவா, தமிழ்நாடு போன்ற இடங்களில் இது தலைகீழ். வந்தவர்கள்தான் அதிகம், வாசலில் நிற்பவர்கள் குறைவு. இங்கே அலை ஏறிவிட்டது, அங்கே ஏறப்போகிறது. நாடு முழுக்க முன்நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர்.

இது வசதியானவங்க வியாதிதானே? உழைக்கிறவனுக்கு எங்க வரப்போகுது?

ஒரு காலத்தில் அப்படி இருந்தது. இப்போதும் பல மாநிலங்களில் வசதியானவர்களிடம்தான் அதிகம். ஆனால் 2017-இல் வந்த இந்தியாப் அறிக்கை ஒரு திருப்பத்தைக் காட்டியது. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, சண்டிகர் போன்ற வசதியான இடங்களின் நகரப் பகுதியில், பணம் குறைந்தவர்களிடம் விகிதம் கூடுதலாக இருந்தது. வசதியுள்ளவர் சாப்பாட்டை மாற்றுகிறார், நடக்கப் போகிறார், டெஸ்ட் எடுக்கிறார். ஆட்டோ ஓட்டுபவரும் செக்யூரிட்டி வேலை பார்ப்பவரும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ கழித்து, வயிறு நிறைய மலிவாகக் கிடைப்பதைச் சாப்பிடுகிறார்கள். இவர்களுக்கு மாசம் மருந்துச் செலவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் கவலை தரும் இடம்.

நான் ஒல்லியாத்தான் இருக்கேன். எனக்கு ஏன் வந்துச்சு?

வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது நம் மக்களிடம் சகஜம். புணேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளை அளந்து இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டது. நம் குழந்தைகள் எடையில் நன்றாகக் குறைவு, தசையும் குறைவு, ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது விஷயம் தொப்புள்கொடியிலிருந்தே தொடங்குகிறது.

இதனால்தான் நமக்கு அளவுகோலும் வேறு. எடைக்கு மேலாக இடுப்பைப் பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். நாட்டில் 39.5 சதவீதம் பேருக்கு இந்த வயிற்றுப் பருமன் உண்டு.

ராத்திரி சோத்தை விட்டுட்டுச் சப்பாத்திக்கு மாறிட்டேன். போதும்தானே?

மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் என்றால் பெரிய மாற்றம் இல்லை. இந்தியாப் குழுவின் 2025 ஆய்வின்படி இந்தியர்களின் சாப்பாட்டுக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறையவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மொத்த மாவுச்சத்து குறைந்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்ற புரதம் வந்தபோதுதான் குறைந்தது. தட்டில் சோறு இருக்கலாம். அதன் குவியல் சிறுத்து, சுண்டலும் காயும் பெருக வேண்டும்.

முகாம்ல 150 வந்துச்சு. எனக்குச் சுகர் வந்துடுச்சா?

எப்போது சாப்பிட்டீர்கள் என்று தெரியாமல் விரலில் குத்தி எடுக்கும் அளவு அது. அதை வைத்து 'வந்துவிட்டது' என்று சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் 126, அல்லது குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் 200, அல்லது ஹெச்பிஏ1சி 6.5. இதில் ஒன்று லேபில் உறுதியாக வேண்டும். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறையும் பார்ப்பார்கள்.

தேசிய குடும்பநல ஆய்வும் இதே மாதிரி விரல் குத்தித்தான் எடுக்கிறது. 2019–21 சுற்றில் 140-க்கு மேல் இருந்தவர்களையும் மருந்து சாப்பிடுபவர்களையும் சேர்த்து, பெண்களில் 13.5, ஆண்களில் 15.6 சதவீதம் என்றது. சில செய்திகள் இதை 'சர்க்கரை நோயாளிகள்' என்று போட்டுவிடுகின்றன. அது தப்பு. 'அளவு கூடுதலாக இருந்தவர்கள்' என்றுதான் படிக்க வேண்டும். உங்கள் 150-ம் அப்படித்தான். பயப்படாமல், ஆனால் இந்த வாரமே, வெறும் வயிற்றில் ஒரு முறை பாருங்கள்.

பார்டர்லைன்னு சொல்லிட்டாங்க. எப்படியும் வரத்தானே போகுது, இப்பவே எதுக்குக் கஷ்டப்படணும்?

இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரனின் குழு முன்நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்தது. ஒன்றும் செய்யாத பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடையும் சாப்பாடும் மாற்றிய பிரிவில் 39.3 சதவீதம். நூறு பேரில் சுமார் பதினாறு பேர் தப்பினார்கள்.

55 என்ற எண்ணையும் கவனியுங்கள். சும்மா விட்டால் மூன்றே வருஷத்தில் பாதிக்கு மேல். நம்மிடம் இந்த வேகம் அதிகம். காத்திருக்கும் அவகாசம் நமக்குக் கிடையாது.

எனக்கு உடம்புக்கு ஒண்ணும் செய்யல. அப்புறம் எதுக்கு டெஸ்ட்?

என் அம்மாவுக்கும் ஒன்றும் செய்யவில்லை. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில்தான் 310 என்று வந்தது. அதற்கு முன் எத்தனை வருஷமாக இருந்ததோ. விழித்திரை ஏற்கெனவே கெட்டிருந்தது. புரையை எடுத்த பிறகும் அவரால் பழையபடி படிக்க முடியவில்லை. அந்த மேசையில் நான் உட்காருவது அதனால்தான்.

2017–18-இல் நடந்த தேசிய தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வில் சர்க்கரை இருந்த 100 பேரில் தனக்கு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் 45.8 பேர்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் என் அம்மா மாதிரி. சர்க்கரை என்று ஒரு வியாதி இருப்பதே தெரியாதவர்களும் அதிகம். இந்தியாப் ஆய்வின் முதல் கட்டத்தில், நோயின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்களே 43.2 சதவீதம்தான். கிராமத்தில் 36.8. இன்றைக்கு முகாமுக்கு வருபவர்கள் ஹெச்பிஏ1சி பற்றிக் கேட்கிறார்கள். நம் பக்கம் நிலைமை அந்த அளவுக்கு மாறியிருக்கிறது.

தெரிஞ்சவங்க எல்லாரும் மருந்து சாப்பிடுவாங்கதானே?

அதே கண்காணிப்பு ஆய்வை வைத்தே படிப்படியாக இறங்கிப் பார்க்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் 100 பேர். தெரிந்தவர்கள் 46. மருந்து எடுப்பவர்கள் 36. அளவு கட்டுக்குள் இருப்பவர்கள் 16-க்கும் கொஞ்சம் கீழே, சரியாகச் சொன்னால் 15.7.

எங்கே அதிகம் கசிகிறது என்று பாருங்கள். முதல் படியில் 54 பேர் விழுகிறார்கள். தெரிந்தபின் மருந்துக்குப் போகாதவர்கள் 10 பேர்தான். அடுத்த படியில் மறுபடியும் 20 பேர். தெரிந்துவிட்டால் நம் மக்கள் பெரும்பாலும் மருந்துக்குப் போகிறார்கள். முதலில் கண்டுபிடிப்பதும், பிறகு கட்டுக்குள் வைப்பதும்தான் நாடு கோட்டைவிடும் இடங்கள். விழிப்புணர்வு பேனர் முதல் ஓட்டையை ஓரளவு அடைக்கும். மூன்றாவதை அடைக்காது.

நான் ஒழுங்காத்தான் மாத்திரை சாப்பிடுறேன். ஏன் கட்டுக்குள்ள வரல?

உங்கள் ஒருவரின் காரணத்தை டாக்டர்தான் பார்க்க வேண்டும். நாட்டு அளவில் எனக்குத் தெரிகிற காரணங்களைச் சொல்கிறேன். ஒன்று, இது போகப்போகக் கூடும் வியாதி. அஞ்சு வருஷத்துக்கு முன் எழுதிய அதே சீட்டைக் கடையில் நீட்டி வாங்கிக்கொண்டிருந்தால் போதாது. ஹெச்பிஏ1சி பார்க்காமலே வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் வரிசையில் நிறையப் பேர். இன்சுலின் என்றதும் 'கடைசி கட்டம்' என்று பயந்து தள்ளிப்போடுபவர்களும் உண்டு. அப்புறம் பணம். நன்றாக இருக்கிற மாதம் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மருந்து விலையில் சமீபத்தில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்புத் தரும் எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை ஒன்று 60 ரூபாய் அளவில் விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பதினைந்து ரூபாய்க்குள் வந்துவிட்டது. மெட்ஃபார்மின் என்ற பழைய சர்க்கரை மாத்திரை எப்போதும் மலிவுதான்.

இன்னொன்றும் உண்டு. கட்டுக்குள் என்றால் சர்க்கரை மட்டும் இல்லை. ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் சேர்ந்தது. தனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தவர்களில்கூட, மூன்றையும் சரியாக வைத்திருப்பவர்கள் இந்தியாப் ஆய்வில் 7.7 சதவீதம்தான். மாரடைப்பும் பக்கவாதமும் இந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

வீடு தேடி மாத்திரை கொண்டு வந்து கொடுக்கிறாங்களே, அதனால ஏதாவது மாறியிருக்கா?

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அந்தத் தமிழ்நாடு அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதற்கு முன் 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில், சர்க்கரை உள்ளவர்களில் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். 2023–24-இல் மறுபடி எடுத்தபோது 16.7.

முழுக்க இந்தத் திட்டத்தால்தான் என்று கணக்கு நிரூபிக்காது. இடையில் கொரோனா வந்து போனது, மற்ற முயற்சிகளும் இருந்தன. ஆனாலும் மூன்றாவது ஓட்டையை அடைக்கும் திசையில் போகிற வேலை இது. படி ஏறி ஆரம்ப சுகாதார நிலையம் போக முடியாத முதியவருக்கு மாத்திரை தவறாமல் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. 16.7 போதுமா என்றால், போதவே போதாது.

ஒரு ஆய்வுல 46 சதவீதம் பேர் கட்டுக்குள்ளன்னு போட்டிருக்கே, நீங்க 15.7-ங்கிறீங்க?

பின்னத்தில் கீழே இருக்கும் எண்ணைப் பாருங்கள், அதாவது எத்தனை பேரால் வகுத்தார்கள் என்பதை. 46 சதவீதம் என்பது 45 வயதுக்கு மேற்பட்டவர்களை 2017–19-இல் சோதித்த முதியோர் ஆய்வில் வந்தது. அது 'தனக்கு இருப்பது தெரிந்தவர்களில்' 46. நான் சொன்ன 15.7, தெரியாதவர்களையும் சேர்த்த மொத்தத்தில்.

என் எண்ணையும் அதே முறைக்கு மாற்றலாம். 15.7-ஐ 45.8-ஆல் வகுத்தால் 34 சதவீதம். இந்தியாப் ஆய்வு, தெரிந்தவர்களிடம் ஹெச்பிஏ1சி 7-க்குள் இருந்தவர்கள் 36.3 என்கிறது. இரண்டும் எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன பாருங்கள். முதியோர் ஆய்வின் 46-க்கும் இதற்கும் உள்ள மிச்ச வித்தியாசம் வயதும் அளவுகோலும் மாறியதால் வரக்கூடியது. அடுத்த முறை சதவீதம் படித்தால் 'யாரில்?' என்று முதலில் கேளுங்கள்.

இவ்வளவு டாக்டர், இவ்வளவு மருந்து. அப்போ எண்ணிக்கை குறையணுமே, ஏன் கூடிக்கிட்டே போகுது?

தொட்டியில் விழும் தண்ணீரும் வெளியேறும் தண்ணீரும் மாதிரி இது. சர்க்கரை வந்தால் பெரும்பாலும் போவதில்லை. நல்ல வைத்தியம் கிடைத்தால் நோயாளி இன்னும் இருபது வருஷம் வாழ்கிறார், கணக்கிலும் இருக்கிறார். வைத்தியம் சிறந்தாலே எண்ணிக்கை கூடும். மக்கள் அதிக வயது வாழ்வதாலும் கூடும். ஆகவே மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து நாடு தோற்றது, ஜெயித்தது என்று சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியவை இரண்டு. புதிதாக வருபவர்கள் குறைகிறார்களா, என்ன வயதில் வருகிறது என்பது ஒன்று. அதைத்தான் 531 பேர் ஆய்வு தொட்டது. இன்னொன்று மேலே நாம் இறங்கிய படிக்கட்டு. உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்த இலக்கு, உள்ளவர்களில் 80 சதவீதம் பேர் கண்டறியப்பட வேண்டும், அவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஹெச்பிஏ1சி 8-க்குள் இருக்க வேண்டும் என்பது. பெருக்கினால் 100-க்கு 64. நம் 15.7 அதைவிடக் கடுமையான அளவுகோலில் வந்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும் தூரம் மிக அதிகம்.

சரி டீச்சர், எனக்கு 32 வயசு, வீட்டுல யாருக்கும் இல்ல. நானும் பார்க்கணுமா?

பாருங்கள். 30 தாண்டிய எல்லோருக்கும் அரசு சுகாதார நிலையங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கும் தேசியத் திட்டம் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் இல்லை என்கிறீர்களே, அவர்கள் கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள்? போகும்போது அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில், வெறும் வயிற்றில்.